சீமாஸ்டர் படகில் அந்த இரவு: நங்கூரமிட்ட பாய்மரப் படகும் தற்காப்பும்

பாய்மரப் படகில் நாடு நாடாகச் சுற்றுகிறவர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பேச்சைத் தொடங்கினால், சுற்றிச் சுற்றி ஒரே கேள்வியில் வந்து நிற்பார்கள்: படகில் துப்பாக்கி வைத்திருக்கலாமா, கூடாதா? இரண்டு கட்சிக்காரர்களும் முதலில் எடுத்துவைக்கும் சாட்சி சர் பீட்டர் பிளேக்தான்: 2001 டிசம்பரில் பிரேசிலின் மக்காப்பா அருகே நங்கூரமிட்டிருந்த தன் சீமாஸ்டர் படகில் கொள்ளையரால் சுட்டுக்கொல்லப்பட்ட நியூசிலாந்துப் பாய்மரப் பந்தய வீரர். துப்பாக்கியைத் தூக்கியதால்தான் செத்தார் என்பார் ஒருவர். அந்தத் துப்பாக்கி மக்கர் செய்யாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே கதையைக் கடைசி ஒரு நிமிடத்திலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதற்கு முந்தைய சில மணி நேரத்தையும், இன்னும் கொஞ்சம் பின்னால் போய் அந்தப் படகு அங்கே ஏன் நின்றது என்பதையும் பார்க்க விரும்புகிறேன். துப்பாக்கி மேல்தளத்துக்கு வந்தபோது தீர்மானமாக வேண்டியவற்றில் பெரும்பகுதி தீர்மானமாகிவிட்டிருந்தது என்பது என் முடிவு. காரணங்களைக் கீழே சொல்கிறேன்.

ஆளும் படகும்

பிளேக் 1948-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்தவர். கடலோட்டத்தில் அவர் ஜெயிக்காத பெரிய பந்தயம் கிட்டத்தட்ட இல்லை. 1989-90 விட்பிரெட் உலகச் சுற்றுப் பந்தயத்தில் ஸ்டெயின்லாகர் 2 படகோடு போய் ஆறு கட்டங்களிலும் முதலிடம். 1994-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனுடன் சேர்ந்து 75 நாளுக்குள் உலகைச் சுற்றி ஜூல்ஸ் வெர்ன் கோப்பை. 1995-இல் சான் டியேகோவில் அமெரிக்கா கோப்பையை 5-0 என்று தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ராசிக்குப் போட்டிருந்த சிவப்புக் காலுறைக்காக ஒரு நாடே சிவப்புக் காலுறை வாங்கியது. 2000-இல் சொந்த ஊரில் அதே கோப்பையைத் தக்கவைத்துக்கொண்ட பிறகு பந்தயத்தை விட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் பக்கம் போனார். 2001-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் சிறப்புத் தூதரும் ஆனார்.

சீமாஸ்டர் சாதாரண உல்லாசப் படகு கிடையாது. 36 மீட்டர் நீளம், இரண்டு பாய்மரம், அலுமினிய உடல். பனிப்பாறைக்கு நடுவே சிக்கினாலும் நொறுங்காதபடி பிரெஞ்சு துருவப் பயணி ஜான்-லூயி எத்தியென் 1989-இல் கட்டிய கப்பல். 2001 தொடக்கத்தில் அண்டார்டிகா போய்விட்டு, அமேசானிலும் ரியோ நெக்ரோவிலும் மேல்நோக்கிப் போய்த் திரும்பியிருந்தது. அடுத்து வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆறு என்று திட்டம். சில வாரங்களுக்கு முன்புதான் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் அமேசானில் இந்தப் படகுக்கே வந்து பிளேக்கைச் சந்தித்திருந்தார்.

இவ்வளவையும் சொல்வது புகழ் பாட இல்லை. இந்த நிகழ்வை "அனுபவம் போதாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்" என்று ஒதுக்கிவிட முடியாது. உலகில் அந்த நேரத்தில் அவரைவிடக் கடல் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆட்களும் குறைவில்லை. கணவன் மனைவி இருவர் மட்டும் போகும் சிறு படகின் நிலைமை இல்லை அது.

ஏன் அங்கே நின்றது

மக்காப்பா அமேசானின் வடக்கு முகத்துவாரத்தில், பூமத்தியரேகை மீதே இருக்கும் நகரம். பிரேசிலின் மற்ற பகுதிகளோடு அதற்குச் சாலைத் தொடர்பு இல்லை. ஆளோ சரக்கோ, விமானத்தில் வர வேண்டும், அல்லது படகில் வர வேண்டும். எதிரே மராஜோ தீவும் எண்ணற்ற சிறு தீவுகளும் அவற்றுக்கிடையே ஓடும் கால்வாய்களும். தெரிந்தவன் ஒரு திருப்பத்தில் நுழைந்தால் தெரியாதவன் கண்ணுக்கு மறைந்துவிடலாம்.

நாட்டை விட்டுக் கிளம்பும் படகு சுங்கத்திலும் குடியேற்றத் துறையிலும் முத்திரை வாங்க வேண்டும். சீமாஸ்டர் அதற்காகத்தான் மக்காப்பாவை ஒட்டிய ஃபசென்டினியா கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுக் காத்திருந்தது. இந்தக் காத்திருப்பு எந்தப் பாய்மரப் பயணிக்கும் பழக்கமான ஒன்று. ஆபத்து என்று யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்றும்கூட. நடுக்கடலிலும் காட்டாற்றிலும் எங்கே நிற்பது என்பதை நாம் தேர்ந்தெடுக்கிறோம். முத்திரைக்காக நிற்கும் இடத்தை நிர்வாகம் தேர்ந்தெடுக்கிறது. துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஊருக்கு எதிரே, கரையில் நிற்கும் எவரும் பார்க்கும்படி. எப்போது வந்தது, எத்தனை பேர் இறங்கினார்கள், சிறு படகை எங்கே கட்டுகிறார்கள் என்பதெல்லாம் ஒரு பகலிலேயே ஊருக்குத் தெரிந்துவிடும். அதுவும் 36 மீட்டர் நீளத்தில் இரட்டைப் பாய்மரத்தோடு பளபளக்கும் அயல்நாட்டுக் கப்பல் என்றால், திருவிழாத் தேர் மாதிரி எல்லார் கண்ணிலும் படும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் போக்குவரத்தும் படகில் நடக்கும் ஊரில் இரவில் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மீன்காரர் போவார், பயணிகள் படகு போகும், காதலர்கள்கூடப் போவார்கள். ஆள் இல்லாத குடாவில் அதே சத்தம் கேட்டால் காது விடைத்துக்கொள்ளும். ஊர் பக்கத்தில் இருப்பது பாதுகாப்பு என்று மனம் நம்புகிறது. நங்கூரத் திருட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை நேர்மாறானது: திருடன் வருவது ஊரிலிருந்து.

அந்த இரவு

இரவு 9 மணியளவில், முகமூடியும் தலைக்கவசமும் அணிந்த ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட ஆயுதக் கும்பல் சீமாஸ்டரில் ஏறியது. ஒரு மாலுமியின் தலையில் துப்பாக்கியை வைத்தார்கள். கீழ் அறையிலிருந்து பிளேக் ரைஃபிளோடு வந்தார். சுட்டார். கொள்ளையர் ஒருவனின் கையில் குண்டு பட்டது. அதன் பிறகு ரைஃபிள் வேலை செய்யவில்லை. பிளேக்கை முதுகில் சுட்டார்கள். அவருக்கு வயது 53. மாலுமிகளில் இன்னும் இருவர் காயப்பட்டார்கள்.

கொள்ளையர் எடுத்துக்கொண்டு போனது சிறு படகின் பின்னால் மாட்டும் ஒரு அவுட்போர்டு எஞ்சின், சில கைக்கடிகாரங்கள்.

சில நாட்களிலேயே பிரேசில் போலீஸ் பலரைப் பிடித்தது. 2002-இல் நீதிமன்றம் அவர்களுக்குச் சராசரியாக 32 ஆண்டுச் சிறை விதித்தது. பிளேக் இங்கிலாந்தில், குடும்பம் வசித்த எம்ஸ்வொர்த்துக்கு அருகே வார்ப்ளிங்டனில் அடக்கம் செய்யப்பட்டார். படகு பின்னர் கைமாறி தாரா என்ற பெயரில் ஆய்வுக் கப்பலாக ஓடுகிறது. 2006 முதல் 2008 வரை ஆர்க்டிக் பனியில் உறைந்து மிதந்து ஆய்வு செய்த தாரா இதே கப்பல்தான்.

அந்த எஞ்சின்

கொள்ளை போன பொருளைப் பார்த்து, இவ்வளவுக்காகவா ஒரு உயிர் என்று பலரும் எழுதினார்கள். நம்மூர்க் கடற்கரைக்காரர் யாரும் அப்படி வியக்க மாட்டார். கோடியக்கரைக்குக் கிழக்கே இரவில் வலை விரித்திருக்கும் நாகப்பட்டினம் மாவட்டத்து ஃபைபர் படகுகளை வழிமறித்து, கத்தியும் இரும்புக் கம்பியும் காட்டி ஜிபிஎஸ், வாக்கி டாக்கி, வலை, எஞ்சின் என்று பிடுங்கிக்கொண்டு போகும் செய்தி அடிக்கடி வருகிறது. ஆற்றுக்கரையிலோ கடற்கரையிலோ படகை நம்பி வாழும் ஊரில் அவுட்போர்டு எஞ்சின் என்பது கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ரொக்கப்பணம். அடையாளம் அழிப்பது சுலபம், வாங்க ஆள் எங்கும் உண்டு.

கரீபியன் கடலில் பாய்மரப் படகுகளுக்கு எதிரான குற்றங்களைத் தொகுக்கும் கரீபியன் சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி நெட் என்ற தன்னார்வ அமைப்பின் அறிக்கைகளைப் படித்தாலும் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: டிங்கி என்னும் சிறு படகும் அதன் எஞ்சினும். அதனால் இருட்டிய பிறகு டிங்கியைத் தண்ணீரில் விடாமல் கப்பிக் கயிற்றில் தூக்கி, மேலே இரும்புச் சங்கிலியோடு பூட்டிவைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. எஞ்சினின் பளபளப்பான மூடிக்குக் கண்றாவியான நிறத்தில் பெயிண்ட் அடித்துவிடுகிறவர்களும் உண்டு. விற்கும்போது விலை போகாது என்றால் எடுக்கும்போதே மனம் வராது என்ற கணக்கு.

எஞ்சினுக்காக வருகிறவனும் ஆளைக் கடத்த வருகிறவனும் ஒரே ரகம் இல்லை. சீமாஸ்டரில் ஏறியவர்கள் உள்ளூர் ஆற்றுத் திருடர்கள். வாரிக்கொண்டு ஓட வந்தவர்கள். சோமாலியக் கும்பல்களுக்குப் படகோ எஞ்சினோ பொருட்டே இல்லை, ஆள்தான் சரக்கு. 2009 அக்டோபர் 23 அன்று செஷல்ஸிலிருந்து தான்சானியா நோக்கிக் கிளம்பியிருந்த லின் ரைவல் என்ற படகிலிருந்து ஒரு பிரிட்டிஷ் தம்பதியைக் கடத்தி 388 நாள் வைத்திருந்தார்கள். முதல் ரகத்திடம் பொருளைக் கொடுத்தால் போய்விட வாய்ப்பு அதிகம். இரண்டாவது ரகத்திடம் கொடுக்க ஒன்றுமே இல்லை, மாட்டாமல் இருப்பது ஒன்றுதான் வழி. எந்த ரகம் இருக்கும் கடலில் போகிறோம் என்று தெரியாமல் தற்காப்புத் திட்டம் போடுவது வீண்.

நழுவியது எங்கே

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவுட்போர்டு பூட்டிய சிறு படகு 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டரில் வந்தால், 500 மீட்டர் தூரத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடும். பாய்மரப் படகோ ஓடும்போதே மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நங்கூரத்தில் அதுவும் இல்லை. சிறிய பாய்மரப் படகுகளின் தளம் தண்ணீரிலிருந்து ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. நீந்திக் குளிப்பவர் ஏறுவதற்கென்று பின்பக்கத்தில் படிக்கட்டும் வைத்திருப்பார்கள். ஆக, காவலில் ஒருவர் விழிப்போடு நின்று, இருட்டில் 500 மீட்டரிலேயே அடையாளம் கண்டுகொண்டாலும், மற்றவர்கள் கையில் மிஞ்சுவது ஒரு நிமிடம். யாரும் பார்க்கவில்லை என்றால் முதல் எச்சரிக்கை தளத்தில் விழும் காலடிதான்.

காலடி விழுந்த பிறகு கீழே இருப்பவரின் நிலைமை என்ன? படகின் அறையிலிருந்து மேலே போக அநேகமாக ஒரே வழி: செங்குத்தான குறுகிய ஏணி, உச்சியில் தள்ளித் திறக்கும் மூடி. ஏறுகிறவர் இரு கையாலும் கைப்பிடியைப் பற்றுவார். முதலில் வெளியே நீள்வது தலை. அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கும். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் என்பதால், மேலே வந்த முதல் சில நொடிகளில் அவருக்கு ஒன்றும் தெரியாது. மேலே நிற்பவனுக்கோ கீழிருந்து வரும் வெளிச்சத்தில் அவர் உருவம் அச்சடித்த மாதிரி தெரியும். கையில் நீளமான ரைஃபிள் இருந்தால் ஏணியில் அது இடிக்கும், திரும்பாது. தளத்தில் நண்பர்களும் எதிரிகளும் கலந்து நிற்கிறார்கள். யாரைச் சுடுவது, குண்டு யாரைத் தாண்டி யார் மேல் படும்? சீமாஸ்டர் பெரிய கப்பல், அதன் அமைப்பு இப்படியே இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் கொள்ளையர் ஏறிய பிறகு கீழிருந்து மேலே போய் எதிர்ப்பதில் உள்ள பாதகம் எந்தப் பாய்மரப் படகுக்கும் ஏறக்குறைய இதேதான்.

அதனால்தான் "ரைஃபிள் மட்டும் வேலை செய்திருந்தால்" என்ற வாதம் எனக்கு ஒப்புதலாக இல்லை. எதிரே பல துப்பாக்கிகள். ஒரு மாலுமியின் தலையில் ஏற்கெனவே ஒரு குழல். இரண்டாவது குண்டும் மூன்றாவது குண்டும் பாய்ந்திருந்தால் கொள்ளையர் ஓடியிருக்கவும் கூடும், அந்த மாலுமி செத்திருக்கவும் கூடும். உப்புக்காற்றில் கிடந்து, எப்போதாவது எடுத்துத் துடைக்கப்படும் ஆயுதம் வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொள்வது ஒன்றும் அபூர்வம் இல்லை.

அதே சமயம் "அவர் துப்பாக்கியைத் தொட்டிருக்கவே கூடாது" என்று கரையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதும் எனக்குப் பிடிக்கவில்லை. தன் ஆளின் தலையில் துப்பாக்கி இருக்கிறது. இவன் மிரட்டுகிறானா சுடுவானா என்று கண்டுபிடிக்க அவருக்கு இருந்தது சில நொடிகள். தலைவன் என்ற பொறுப்பில் இருந்த ஒருவர் மேலே வந்ததைத் தவறு என்று சொல்ல நான் தயாராக இல்லை. அந்தச் சில நொடிகளில் நல்ல வழி என்று ஒன்று இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. நல்ல வழிகள் இருந்தது அதற்கு முன்பு: இரவுக் காவல், தளத்தைச் சுற்றி விளக்கு, ஏறுவதற்கு முன்பே ஒலிக்கும் சைரன், உள்ளிருந்து தாழிடும் கதவு. இவற்றில் எதுவும் வீரம் கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆற்றுப் பயணம் முடிந்து, நாளை கிளம்பிவிடலாம் என்ற நேரத்தில் எந்தக் குழுவுக்கும் சலிப்பு வரும், தளர்ச்சி வரும். காவல் முறை என்பது அந்தத் தளர்ச்சியை எதிர்பார்த்து எழுதப்பட வேண்டியது. பயமாக இருக்கும் இடத்தில் எல்லோரும் தானாகவே விழித்திருப்பார்கள், அங்கே முறை எதற்கு?

துப்பாக்கி உதவிய நாள்

எதிர் உதாரணத்தையும் மறைக்கக் கூடாது. 2005 மார்ச் 8. ஓமானின் சலாலாவிலிருந்து ஏடன் நோக்கி மஹ்தி, கன்டால்ஃப் என்ற இரண்டு அமெரிக்கப் படகுகள் அருகருகே போய்க்கொண்டிருந்தன. ஏமன் கரையிலிருந்து சுமார் 30 கடல் மைல். காலையிலேயே சில விசைப்படகுகள் கிட்டே வந்து நோட்டம் பார்த்துவிட்டுப் போயிருந்தன. மாலை 4 மணி வாக்கில் வேறு இரண்டு படகுகள், ஒவ்வொன்றிலும் நாலு பேர், நேராக வந்து இயந்திரத் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார்கள். மஹ்தியில் இருந்தவர் ஷாட்கன்னால் திருப்பிச் சுட்டார். கன்டால்ஃப் சுக்கானை வெட்டித் திருப்பி, வந்த படகின் விலாவிலேயே மோதியது. தாக்கியவர்களின் இரண்டு படகுகளும் முடங்கின. பாய்மரப் படகுக்காரர்கள் யாருக்கும் காயம் இல்லை.

இதை வைத்து, பார்த்தீர்களா துப்பாக்கி காப்பாற்றியது என்று மேசையைத் தட்டுகிறவர்கள் மற்றவற்றை விட்டுவிடுகிறார்கள். பகல் வெளிச்சம். காலையிலிருந்தே சந்தேகம் இருந்ததால் எல்லோரும் விழிப்பு. இரண்டு படகுகள், ஒன்றுக்கொன்று துணை. எதிரி இன்னும் தண்ணீரில்தான் இருக்கிறான், தளத்தில் ஒருவரும் ஏறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, படகு ஓடிக்கொண்டிருந்தது. பல டன் எடையுள்ள அந்த உடலே ஒரு ஆயுதமாகப் பயன்பட்டது. எதிரி கையில் இருந்தது தானியங்கித் துப்பாக்கி என்பதால் குறி சற்றுத் தப்பாமல் இருந்திருந்தால் கதை வேறு மாதிரியும் போயிருக்கலாம். மக்காப்பாவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை: இரவு, தனிப்படகு, நங்கூரம், எதிரி ஏற்கெனவே தளத்தில். ஷாட்கன்னுக்கும் ரைஃபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்த வித்தியாசங்கள்தான் பெரியவை.

ஆள் பிடிபட்ட பிறகு எவ்வளவு பெரிய ஆயுத பலமும் நிச்சயம் தராது என்பதற்குக் கடற்படைகளே சாட்சி. 2009 ஏப்ரலில் தனித் என்ற பிரெஞ்சுப் படகை மீட்க கமாண்டோக்கள் இறங்கியபோது படகோட்டி இறந்தார். 2011 பிப்ரவரியில் ஓமானுக்கு அப்பால் கடத்தப்பட்ட குவெஸ்ட் படகைச் சூழ்ந்து அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நின்றன, பேச்சுவார்த்தையும் நடந்தது. பிப்ரவரி 22 அன்று படகிலிருந்த நான்கு அமெரிக்கர்களும் கடத்தல்காரர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பலர் இந்தியப் பெருங்கடலைப் பாய்மரத்தில் கடப்பதையே விட்டுவிட்டு, படகைச் சரக்குக் கப்பலில் ஏற்றி மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார்கள். இல்லாவிட்டால் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செலவும் தொலைவும் கூடுதல்தான். ஆனால் அந்தக் கடலுக்கு அந்த ஆண்டுகளில் அதைவிடச் சிறந்த தற்காப்பு எதுவும் இல்லை. கப்பல் துறை அமைப்புகள் அந்தக் கடலுக்குப் போட்டிருந்த அதிக ஆபத்துப் பகுதி என்ற முத்திரையை 2023 ஜனவரி 1-இல்தான் நீக்கின.

ஆயுதமும் கரைச் சட்டமும்

துப்பாக்கி வைத்துக்கொள்வதில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. உலகம் சுற்றும் படகு ஒரு வருடத்தில் பத்து நாட்டுத் துறைமுகத்துக்குள் நுழையும். ஒவ்வொன்றிலும் ஆயுதத்தை அறிவிக்க வேண்டும். பல நாடுகளில் சுங்க அதிகாரிகள் அதை வாங்கி வைத்துக்கொண்டு, கிளம்பும்போதுதான் திருப்பித் தருவார்கள். படகுத் திருட்டு அதிகம் நடப்பது நங்கூரத்தில், ஊர் பக்கத்தில். அந்த நேரத்தில் உங்கள் துப்பாக்கி கரையில் ஒரு அலமாரியில் இருக்கும். அறிவிக்காமல் ஒளித்துவைத்தால் கொள்ளையனைவிடப் பெரிய ஆபத்து உங்கள் படகுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இது எப்படிப் போகும் என்பதற்குத் தூத்துக்குடி வழக்கு நினைவிருக்கலாம். 2013 அக்டோபரில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற தனியார் பாதுகாப்புக் கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளைக்கு எதிராகக் காவல் கொடுப்பதே அதன் தொழில். கப்பலில் 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி நீதிமன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விடுதலை செய்தது. வக்கீல்களும் நிறுவனமும் தூதரகங்களும் பின்னால் இருந்தவர்களுக்கே நான்கு வருடம். நாற்பது அடிப் படகில் வரும் இருவருக்கு?

துப்பாக்கிக்குக் கீழே உள்ள சாமான்களிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. இந்தியாவில் கடையில் வாங்கும் மிளகு ஸ்ப்ரே பிரிட்டனில் தடை செய்யப்பட்ட ஆயுதம். ஆபத்தில் உதவி கேட்டு வானத்தில் சிவப்பு ஒளிக்குண்டு சுடும் கைத்துப்பாக்கிக்கும் அங்கே உரிமம் வேண்டும். அந்த ஒளிக்குண்டை ஆள்மேல் சுடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். குறி வைத்து அடிக்கும் கருவி இல்லை அது. பாயும் டீசலும் உள்ள படகில் நெருக்கத்தில் சுட்டால் முதலில் எரிவது உங்கள் படகாகவும் இருக்கலாம்.

நடைமுறையில்

மக்காப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு சாதாரண இருவர் படகுக்குத் திட்டம் போடச் சொன்னால், என் பணத்தில் பெரும்பகுதியைக் கதவில் செலவழிப்பேன். ஏணி உச்சியின் மூடிக்கு உள்ளிருந்து பூட்டும் துருப்பிடிக்காத கம்பித் தடுப்பு. வெப்பநாட்டில் மூடியை இறுக்கி அடைத்துவிட்டுத் தூங்க முடியாது, வேர்த்து ஊற்றும். காற்று வரும், ஆள் வர முடியாது என்பதுதான் கம்பித் தடுப்பின் லாபம். மற்ற மேல்ஜன்னல்களுக்கும் அதேபோல. இரவில் ஒருவன் தளத்தில் ஏறினாலும் அவன் வெளியே, நாம் உள்ளே. எஞ்சினை எடுத்துக்கொண்டு போகட்டும்.

அடுத்தது நேரத்தைச் சம்பாதிக்கும் சாமான்கள்: தளத்தில் அசைவைக் கண்டால் விளக்கைப் போடும் சென்சார், கட்டிலுக்குப் பக்கத்திலிருந்தே அழுத்தும் சைரன், தளம் முழுக்க வெளிச்சம் அடிக்கும் ஒரே சுவிட்ச். திருடனுக்கு இருட்டும் அமைதியும் முதலீடு. இரண்டையும் கெடுத்துவிட்டால் எஞ்சினுக்காக வந்தவர்களில் பலர் திரும்பிவிடுவார்கள். படகுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோவைத் தூங்கும் இடத்திலேயே வைத்து, பக்கத்துப் படகுகளோடு ஒரு சேனலை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் கூப்பிட்டால் துறைமுகம் கேட்கும் என்று நம்புவதைவிட, 200 மீட்டரில் நிற்கும் இன்னொரு படகு ஹாரன் அடித்து விளக்கைப் போடுவது வேகமான உதவி. சுங்க முத்திரைக்காகக் காத்திருக்கும் இடத்தில் தனியாக நிற்காமல், வேறு படகு எப்போது வரும் என்று விசாரித்துச் சேர்ந்து போவது இதனால்தான். முத்திரை கைக்கு வந்த உடனே அன்று மாலையே நங்கூரத்தைத் தூக்கிவிடலாமா என்று அலையையும் வெளிச்சத்தையும் பார்த்து முடிவெடுப்பதும் பாதுகாப்புத் திட்டத்தில் சேரும்.

இவ்வளவும் மீறி ஏறிவிட்டார்கள், உள்ளேயும் வந்துவிட்டார்கள் என்றால்? யார் பேசுவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். ஒருவர் மட்டும், தணிந்த குரலில், கை தெரியும்படி. கொஞ்சம் டாலர், காலாவதியான கார்டு, பழைய போன், மலிவான கடிகாரம் ஆகியவற்றைப் போட்ட ஒரு பர்ஸ் எடுக்க வசதியான இடத்தில் இருக்கட்டும். அதைக் கொடுப்பதற்கென்றே வைத்திருப்பது. பாஸ்போர்ட்டும் படகின் பதிவுச் சான்றும் வேறிடத்தில். முகமூடியைப் பிடித்து இழுக்காதீர்கள். முகம் தெரிந்துவிட்டால் அவன் கணக்கு மாறிவிடும். கிளம்புகிறவர்களைத் துரத்தவும் வேண்டாம்.

எதிர்த்தே ஆக வேண்டிய ஒரு நிலை உண்டு. பொருளை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் ஆளைக் கட்டத் தொடங்கினால், அல்லது ஒருவரை மட்டும் தனியே இழுத்துக்கொண்டு போகப் பார்த்தால், பணிந்து போவதால் வரும் லாபம் முடிந்துவிட்டது. அப்போது கையில் எது இருக்கிறதோ அதைக்கொண்டு, இருவரும் சேர்ந்து, முழு வேகத்தில் எதிர்க்க வேண்டும்: பாய் முறுக்கும் வின்ச் கைப்பிடி, தீயணைப்பான், கொதிநீர், மிளகு ஸ்ப்ரே. தீயணைப்பானின் பொடி அறைக்குள் ஒருவர் முகத்தில் அடித்தால் கண்ணையும் மூச்சையும் திணறடிக்கும். எந்த நாட்டுச் சுங்கமும் அதைப் பறிமுதல் செய்யாது. இந்த எல்லைக்கோடு எங்கே என்பதைப் படகில் இருப்பவர்கள் கரையில் இருக்கும்போதே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். ஒருவர் பணிய, மற்றவர் பாய என்று ஆளுக்கொரு பக்கம் போவதுதான் மிக மோசம்.

போன பிறகு முதல் வேலை காயம் பார்ப்பது. இரண்டாவது ரேடியோவில் மற்ற படகுகளை எச்சரிப்பது. அதே இரவில் அதே கும்பல் இன்னொரு படகுக்கும் போகலாம். பிறகு போலீஸ் புகார், காப்பீட்டு எண், எஞ்சினின் வரிசை எண். அந்த எண்ணை முன்பே ஒரு படம் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவைத்தவருக்கு இந்தக் கட்டத்தில் பாதி வேலை மிச்சம். கரீபியன் அமைப்பு போன்றவற்றுக்கும் ஒரு அறிக்கை அனுப்புங்கள்: இடம், நேரம், எத்தனை பேர், எந்தப் பக்கமாக ஏறினார்கள், விளக்கு எரிந்ததா, டிங்கி தூக்கியிருந்ததா. அடுத்து அந்த ஊருக்கு வரும் படகு நங்கூரம் போடுமுன் படிப்பது அதைத்தான்.